முன்னவர் போட்ட துளைகள்

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் இங்கே நலமாகத்தான் இருக்கிறோம். அங்கே குளிர் கடுமையாக இருப்பதாகச் செய்தியில் பார்த்தேன். லாரியில் ஏறும்போது காதை மூடிக்கொண்டு ஏறு. போனில்தான் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போன் வந்தால் உன் அக்கா என் தோளை ஒட்டி வந்து நிற்கிறாள். பாதிப் பேச்சில் பிடுங்கிக்கொண்டு, சாப்பிட்டாயா, சட்டை துவைத்தாயா என்று ஆரம்பித்துவிடுகிறாள். நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுபோகிறது. அதனால்தான் காகிதம்.

புது வீட்டுக்கு வந்துவிட்டோம். புதிது என்றால் எங்களுக்குத்தான்; கட்டடம் என்னைவிட மூத்தது. தரைத்தளம். வாசலில் ஒரு படிகூட இல்லை. ஆயுள் முழுக்க ஊரார் லிப்டைப் பழுதுபார்த்த மனிதன் லிப்ட் இல்லாத மாடிக்கு மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்த கூத்து ஒருவழியாக முடிந்தது. வாசலில் இருந்து பின்புறம் வரை நீளமான ஒரு நடைவழி. ஒரு பக்கம் கூடமும் சமையலறையும். மறுபக்கம் குளியலறை. கோடியில் எங்கள் படுக்கையறை.

உன் அக்காவுக்குக் கொஞ்சம் மறதி வந்திருக்கிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விடுகிறாள். வயதானால் எல்லாருக்கும் வருவதுதான், நீ பெரிதாக நினைக்காதே. அவளுக்கு வேலையைச் சுலபமாக்க வேண்டும் என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். அவ்வளவுதான், எனக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிட்டது.

முதலில் துணி காயப்போட ஒரு சட்டம். சமையலறைக் கூரையில் இரண்டு கப்பிகள், கயிற்றின் மறுமுனையில் எதிர் எடையாக ஒரு மணல் பை. ஒரு விரலால் இழுத்தால் போதும், ஈரத் துணி முழுக்க மேலே போய்விடும். ஏணியில் ஏறி, பென்சிலால் குறி வைத்து, துளை போடும் மெஷினை அழுத்தினேன். வேலையே இல்லை. கடப்பாரைக்குக்கூட அசையாத கூரையில் முனை தானாக உள்ளே போயிற்று. இறங்கிவந்து விழுந்த தூளைப் பார்த்தேன். கான்கிரீட் தூள் இல்லை, பெயின்டர்கள் ஓட்டை அடைக்கப் பூசுகிற வெறும் பட்டி. யாரோ முன்பே அங்கே துளை போட்டிருக்கிறார்கள். காலி செய்துவிட்டுப் போனபின் அதை அடைத்து வெள்ளை அடித்திருக்கிறார்கள். இரண்டாவது கப்பிக்கும் அப்படியே.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அடுத்து, சமையலறையில் நின்றபடியே வாசல் கதவின் தாழை விடுவிக்க ஒரு கம்பி இழுக்க நினைத்தேன். யாராவது மணி அடித்தால் அவள் நடைவழி முழுக்க நடந்து போக வேண்டாம் பார். கம்பி போகச் சுவரில் ஒரு வழி வேண்டும். குறி வைத்த இடத்தைத் தட்டினால் தொம் என்றது. பழைய செய்தித்தாளைச் சுருட்டி அடைத்து மேலே பூசியிருந்தார்கள். அந்தத் துளையைக் கம்பி உராயாதபடி சற்றுச் சரிவாகப் போட்டிருக்கிறார் பாரேன், நான் போட்டிருந்தாலும் அந்தச் சரிவில்தான் போட்டிருப்பேன்.

எனக்கு முன்னால் இங்கே குடியிருந்தவர் என் ஜாதகத்தில் பிறந்தவர்போல. அவருக்கு ‘முன்னவர்’ என்று பெயர் வைத்திருக்கிறேன். உன் அக்காவிடம் சொன்னேன். அவள் வெங்காயத்தை உரித்துக்கொண்டே, “உங்கள மாதிரி இன்னொரு ஆளா? அப்ப அந்த வீட்டுக்காரி என்ன பாடு பட்டாளோ” என்றாள். அவள் வாய் மட்டும் எதையும் மறக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அத்தான்


அன்புள்ள மைத்துனனுக்கு,

நீ அனுப்பிய கையுறைகள் வந்து சேர்ந்தன. இங்கே இருக்கிற வெயிலுக்குக் கையுறை எதற்கு என்று கேட்காமல் உன் அக்கா அதைப் போட்டுக்கொண்டு பாத்திரம் தேய்க்கிறாள். “தம்பி வாங்கிக் குடுத்தது” என்று எதிர் வரிசையில் சாவிக்கடை வைத்திருப்பவரிடம்கூடக் காட்டியாகிவிட்டது. பாவம், அவரும் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்.

போன கடிதத்தில் முன்னவரைப் பற்றி வேடிக்கையாக எழுதியிருந்தேன். இப்போது அப்படி எழுத வரவில்லை.

படுக்கையில் இருந்தபடியே வாசல் தெரிய வேண்டும் என்று நடைவழியில் ஒரு கண்ணாடியைச் சாய்த்து மாட்ட நினைத்தேன். இந்த யோசனை எனக்கு அன்று காலை தேநீர் குடிக்கும்போது வந்தது. உலகத்தில் வேறு யாருக்கும் தோன்றியிருக்காது என்று கொஞ்சம் கர்வப்பட்டேன் என்றுகூட வைத்துக்கொள். கட்டிலில் உன் அக்காவைப் படுக்கச் சொல்லி, இன்னும் மேலே, இன்னும் இடது பக்கம் என்று அவள் சொல்லச் சொல்லச் சரிபார்த்துக் குறி வைத்தேன். திருகாணி விரலால் அழுத்தியதிலேயே உள்ளே போய்விட்டது.

அன்றைக்குத்தான் ஒரு விஷயம் உறைத்தது. அந்த உயரம் அவள் படுக்கிற இடத்துக்கும் அவள் தலையணை உயரத்துக்கும் ஏற்றது. அப்படியானால் அன்றும் ஒரு பெண் அதே இடத்தில் படுத்து, இன்னும் மேலே, இன்னும் இடது பக்கம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

அதன்பிறகு எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. போகும்போதும் வரும்போதும் விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்க்கிறேன். அடைத்த இடங்கள் தொம் என்கின்றன. நடைவழியில் இடுப்பு உயரத்தில் ஒரு வரிசை அகப்பட்டது. வாசலில் தொடங்கி, குளியலறைக் கதவு வரை, சீரான இடைவெளியில். அங்கே என்ன மாட்டியிருப்பார் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. படம் மாட்ட அது ரொம்பத் தாழ்வு. செருப்பு வைக்க ரொம்ப உயரம். வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். முன்பு இருந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. “பழைய வீடுன்னா ஓட்டை ஒடசல் இருக்கத்தான் செய்யும். உங்களுக்குப் பெயின்ட் அடிச்சுத்தானே குடுத்தேன்?” என்று போனை வைத்துவிட்டார்.

இப்போது உன்னிடம் மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று. சில நாட்களுக்கு முன் மத்தியானம் உன் அக்கா நடைவழியின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன். முகம் வெளுத்துப்போய், முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டு, ஒவ்வொரு கதவாகப் பார்க்கிறாள். குளியலறை எது என்று தெரியவில்லை, கேட்கவும் கூச்சம். அவள் காலடியில் தரை ஈரமாக இருந்தது. நான் துடைத்தேன். அவள் சுவரைப் பார்த்தபடி அழுதாள். “யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்றாள். உன்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

அன்று மாலையே எனக்கு வழி தோன்றிவிட்டது. சுவர் ஓரமாக ஒரு தடித்த கயிறு. அதைப் பிடித்துக்கொண்டே வந்தால் குளியலறை வாசலில் ஒரு பெரிய முடிச்சு கையில் இடறும். கண் மறந்தாலும் கை மறக்காது அல்லவா? வளையங்களை எடுத்துக்கொண்டு நடைவழிக்குப் போனேன். எந்த உயரத்தில் மாட்டலாம் என்று அவள் கையைப் பிடித்துச் சுவரில் வைத்துப் பார்த்தேன்.

அவள் கை வைத்த இடத்தில்தான் அந்த வரிசை.

மச்சான், நான் பயந்த சுபாவம் இல்லை என்று உனக்குத் தெரியும். லிப்ட் கூண்டுக்குமேல் நின்று வாழ்ந்தவன். ஆனால் அன்று வளையத்தைக் கீழே போட்டுவிட்டேன். அந்த வரிசை எதற்கென்று நான் யோசித்துக்கொண்டிருந்த நாளெல்லாம் அது எங்களுக்காகக் காத்திருந்ததுபோல் இருந்தது. இவளுக்கு அது தேவைப்படும் நாள் வரும்வரை நான்தான் அதைப் புரிந்துகொள்ளவில்லை, அவ்வளவுதான் என்பதுபோல.

இருந்தாலும் கயிற்றைக் கட்டினேன். வேறு வழி? கட்டி முடித்ததும் எப்படிப் பிடித்து நடக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கப் போனேன். தேவைப்படவில்லை. காலையில் சொன்னது மத்தியானம் நினைவில்லாத உன் அக்கா, பல வருடம் பழகியவளைப்போல் கயிற்றின்மேல் கையை வைத்து நேராகக் குளியலறைக்குப் போய்விட்டாள். திரும்பி வரும்போது ஓரிடத்தில் நின்று சுவரைத் தடவினாள். “இங்க பாருங்க, வழவழன்னு இருக்கு” என்றாள். தொட்டுப் பார்த்தேன். பெயின்டுக்கு அடியில் சுவர் லேசாகக் குழிந்திருக்கிறது. ஒரு கை தினமும் உராய்ந்து போனால் அப்படித்தான் தேயும்.

இன்னும் சில இடங்கள் தொம் என்கின்றன. அவற்றைப் பற்றி யோசிக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

உன் அக்கா உன்னை விசாரித்தாள். நீ எந்த வகுப்பு என்று கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பத்திரமாக ஓட்டு.

அன்புடன்,
அத்தான்


அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அக்கா சுகமாக, முழுசாக, இதோ என் எதிரில் உட்கார்ந்து பட்டாணி உரிக்கிறாள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மீதியை நீ பதறாமல் படிக்கலாம்.

நான் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் வெளியே போய்விட்டாள். கதவை எப்படித் திறந்தாள் தெரியுமா? நான் சமையலறையில் பொருத்திய கம்பியை இழுத்து. அவள் சௌகரியத்துக்குச் செய்தது அவளை வழியனுப்பி வைத்துவிட்டது. ஈரத் துண்டோடு தெருவுக்கு ஓடிவந்து நான் கத்தியதைப் பார்த்துச் சாவிக்கடைக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டுத் தேடிப் போனார். அவர்தான் கூட்டிவந்தார். பஸ் நிறுத்தத்தில் நின்றிருக்கிறாள். யாருக்காக நிற்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். “பள்ளிக்கூடம் விட்டுத் தம்பி வருவான். நான் இல்லைன்னா ரோட்டைத் தாண்ட பயப்படுவான்” என்றாளாம்.

பிள்ளை இல்லாத குறையை எங்களுக்குத் தெரியவிடாமல் எங்களிடம் வளர்ந்தவன் நீ. இதைப் படிக்கும்போது உனக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். இருந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

கம்பியை அன்றே கழற்றினேன். அது போதாது என்று தோன்றியது. நான் கடைக்குப் போகவேண்டும், மருந்து வாங்கவேண்டும். அந்த நேரத்துக்கு மட்டும், படுக்கையறைக் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள். போன கையோடு வந்துவிடப் போகிறேன், அவள் தூங்கும் நேரமாகப் பார்த்துப் போனால் அவளுக்கே தெரியாது. இப்படியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சாவிக்கடையில்தான் வாங்கினேன். எந்தக் கதவுக்கு என்று அவர் கேட்டார். உள் அறைக்கு என்றேன். அவர் தாழ்ப்பாளை நீட்டினார், ஆனால் கையை விடவில்லை. ஒரு கணம் இரண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பிறகு விட்டுவிட்டார்.

கதவை மூடி, என் கை வாட்டத்துக்கு உயரமாக ஓரிடத்தில் தாழ்ப்பாளை வைத்துப் பார்த்தேன். பென்சிலால் குறித்தேன். எனக்கு அப்போதே தெரியும். இருந்தாலும் திருகாணியை வைத்து அழுத்தினேன். கதவில் வைத்ததும் உள்ளே போயிற்று. நிலையில் வைத்ததும் உள்ளே போயிற்று. மரமே இல்லை, வெறும் பட்டி.

கதவைத் திறந்து உட்பக்கம் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வெளிச்சம் சாய்வாக விழுந்தபோது, கதவின் கீழ்ப்பாதியில் பெயின்ட் மேடும் பள்ளமுமாகத் தெரிந்தது. தரையில் உட்கார்ந்திருப்பவரின் கை எட்டும் உயரம். பிளேடால் கொஞ்சம் சுரண்டினேன். பட்டி உதிர்ந்தது. அடியில் மரம் வரிவரியாகப் பறண்டப்பட்டிருந்தது. பக்கத்துப் பக்கத்தில், மேலிருந்து கீழாக. நான் என் விரல்களை அதில் வைத்துப் பார்க்கவில்லை. உன் அக்கா கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அத மூடாதீங்க” என்றாள்.

அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு சாவிக்கடைக்குப் போனேன். தாழ்ப்பாளைப் பலகைமேல் வைத்தேன். நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, கையில் ஒரு கொத்துப் பழைய சாவியைக் கொடுத்துவிட்டு, என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

முன்னவர் ரேடியோ பழுதுபார்ப்பவராம். அவர் மனைவிக்கும் இதே மறதி. அவளுக்காக வீடு முழுக்க எதையாவது செய்துகொண்டே இருப்பாராம். கயிறு, கண்ணாடி, கப்பி எல்லாம். கடைசிக் காலத்தில் அவருக்கே உடம்பு முடியவில்லை. அப்படியும் அவளை அறையில் வைத்துத் தாழ் போட்டுவிட்டு, தானே கடைக்குப் போய் வருவார். ஒருநாள் போனவர் எங்கோ தெருவில் விழுந்துவிட்டார். யாரோ ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். நினைவு திரும்பவில்லை. சட்டைப் பையில் அவர் யார் என்று சொல்ல ஒன்றும் இல்லை. வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்ல அவரைத் தவிர உலகத்தில் ஆள் இல்லை.

அக்கம்பக்கத்துக்குச் சத்தம் கேட்கவில்லையா என்று கேட்டேன்.

அவர் உன் அக்கா பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார். “கேட்டுச்சு சார். எனக்கே கேட்டுச்சு. தட்டுற சத்தம். அந்த மனுஷன் எப்பவும் எதையாவது தட்டிக்கிட்டேதானே இருப்பாரு, இன்னிக்கும் ஏதோ செய்யறாருன்னு நெனச்சோம். அப்புறம் சத்தம் நின்னுடுச்சு. வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சோம்.” பிறகு வீட்டுக்கார அம்மா ஆளைக் காணோம் என்று வந்தபோது, வாசல் பூட்டைத் திறக்க இவரைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். உள்ளே போய் அந்தத் தாழ்ப்பாளை விலக்கியதும் இவர்தான். அதுவும் முன்னவர் இவர் கடையில் வாங்கியதே. “உங்ககிட்ட வித்தப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரல சார்” என்றார். உள்ளே அவளை எப்படிக் கண்டார் என்று நான் கேட்கவில்லை.

அன்று வெயில் இறங்குவதற்குள் இரண்டு பேருமாகப் படுக்கையறைக் கதவைக் கீலிலிருந்து கழற்றினோம். அவர் அதைத் தன் கடைக்குப் பின்னால் கொண்டுபோய் உடைத்தார். குளியலறைக் கதவிலும் உள்தாழை எடுத்துவிட்டேன். இப்போது இந்த வீட்டில் வாசலைத் தவிர தாழ் போடும் கதவு எதுவும் இல்லை. என் மெஷின், சுத்தியல் எல்லாவற்றையும் மூட்டைகட்டி அவர் கடையிலேயே கொடுத்துவிட்டேன். தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லியும் வைத்திருக்கிறேன். இனிமேல் எங்கள் வீட்டில் தட்டும் சத்தம் கேட்டால் அது நான் இல்லை, ஓடி வாருங்கள் என்று. சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை, அவர்கள் அப்போதும் இங்கே குடியிருந்தவர்கள்.

என் சட்டைப் பையில் ஒரு அட்டை வைத்திருக்கிறேன். பெயர், விலாசம், அடியில் ‘வீட்டில் என் மனைவி இருக்கிறாள்’ என்று. இத்தனை வருடத்தில் நான் செய்ததிலேயே உருப்படியானது அதுதான் என்று நினைக்கிறேன். போன வாரம் காய்கறிக் கடையில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கடைக்காரம்மா பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். நான் தண்ணீரைக்கூட வாங்காமல் முதலில் அந்த அட்டையைத்தான் எடுத்து நீட்டினேன். இதயம் களைத்திருக்கிறது என்கிறார் டாக்டர். பழைய மோட்டார்தானே, சூடாகும்போது நிறுத்தி ஓட்டலாம். இதற்காக நீ தூக்கம் கெடாதே.

இப்போது சாயங்காலம் ஆனால் நானே அவளைப் பஸ் நிறுத்தத்துக்கு அழைத்துப்போகிறேன். போகாவிட்டால் கால் தரிக்காமல் தவிக்கிறாள். அங்கே உட்கார்ந்துவிட்டால் முகம் தெளிந்துவிடுகிறது. பஸ்ஸிலிருந்து இறங்குகிற பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். கடைசியில், “இன்னிக்கு லேட்டா வரான் போல” என்று எழுந்துகொள்கிறாள். நீ வந்தால் உன்னை அடையாளம் தெரியும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அவள் தேடுவது புத்தகப் பையோடு வருகிற பையனை. நீயோ நரை கண்டவன். மனம் விட்டுவிடாதே. பக்கத்தில் உட்கார்ந்துகொள். குரல் தெரியும்.

உன் வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? ஆனால் கேட்கிறேன். இதுவரை உன்னிடம் எதுவும் கேட்டதில்லை.

ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். கதவைக் கழற்றிய மறுநாள் கட்டிலை நகர்த்திப் பெருக்கினேன். தலைமாட்டுச் சுவரில் பழக்கதோஷத்தில் தட்டிவிட்டேன். அங்கேயும் அடைத்த இடம் இருக்கிறது. உன் அக்கா படுக்கும் பக்கம் இல்லை, என் பக்கம்; முன்னவர் தனக்கே முடியாமல் போனபோது போட்டிருப்பார். படுத்தபடியே கையைத் தூக்கினால் எட்டும். நன்றாகக் கனமான எதையோ தாங்கியிருக்கிறது, துளைகள் பெரிது. அங்கே என்ன மாட்டுவது என்று எனக்கு இன்னும் தோன்றவில்லை.

அது தோன்றுவதற்குள் நீ வந்துவிடு.

உன் அக்காவின் ஆசி உனக்கு எப்போதும் உண்டு, என்னுடையதும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அத்தான்